சித்திக்குப் பசிக்கவில்லை

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் கதவோரம்தான் நிற்பேன். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் சித்தி கேட்டாள், "ஏட்டி, சும்மா என் பக்கத்துல கொஞ்சம் உக்காரேன்."

சித்தி என் அம்மாவின் தங்கை. தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. குர்கானில் எனக்கு வேலை கிடைத்து ஊரிலிருந்து வந்து இறங்கியதும் நேராகப் போனது துவாரகாவில் இருந்த அவள் ஃப்ளாட்டுக்குத்தான். சித்திக்குக் கணையத்தில் புற்றுநோய். குளிர் விடப்போகிற நேரத்தில், இனி மருந்துக்கு அது கட்டுப்படாது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சித்தி, "அப்போ வீட்டுக்குப் போவோம்" என்றாள், ஏதோ சினிமா விட்டதுபோல.

நான் லேப்டாப்பையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். வந்த வேகத்தில் வேலையில் இறங்கினேன். தலைப்பக்கம் தூக்குகிற கட்டிலை வாடகைக்கு எடுத்தேன். படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டேன். மருந்து வேளைக்கெல்லாம் போனில் அலாரம், உறவுக்காரர்களுக்கு வாட்ஸாப் குழு. கடைசிக் காலத்தில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றுக்கும் ஒரு சனி ஞாயிறு போய் வந்தேன். அங்கே கேட்டதையெல்லாம் சூட்டோடு சூடாக வந்து ஒப்பித்தேன். மரணத்தை எதிர்க்கக்கூடாது, ஏற்றுக்கொள்ள வேண்டும், மனம்விட்டுப் பேச வேண்டும் என்று நான் சொல்லச் சொல்லச் சித்தி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"என் சாவுக்கு நீதான் ப்ராஜெக்ட் மேனேஜரா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த நிமிஷமே எழுந்து தலையணை உறையை மாற்றப் போனேன். உட்கார்ந்தால் அவள் கழுத்தெலும்பு கண்ணில் படுகிறது. எழுந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால் அது தெரிவதில்லை.

சித்தப்பா என்னைவிட மோசம், ஆனால் அவருடைய வேலை ஒன்றே ஒன்றுதான். சித்திக்குச் சாப்பாடு கொடுப்பது. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் கோப்பு பார்த்தே ஆயுசைக் கழித்தவர், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் வெந்நீர் வைக்கவும் தெரியாதவர் என்று சித்தி சொல்வாள். இப்போது காலையிலிருந்து மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. இட்லியைப் பாலில் அடித்தார். ரசம் சோற்றைக் கரைத்து வடிகட்டினார். கீழே காய்கறி வண்டிக்காரனிடம், "பையா, ஏக்தம் தாஜா தேனா" என்று, புத்தம் புதுசாகத் தரச் சொல்லித் திருநெல்வேலி இழுவையில் கண்டித்து, பூசணிக்காய் வாங்கிவந்து கூழாக்கினார். சித்தி முகத்தைத் திருப்பினால் கிண்ணத்தோடு கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போவார்.

"ஒரே ஒரு வாய். எனக்காக."

அந்த 'எனக்காக' வந்ததும் சித்தி வாயைத் திறப்பாள். விழுங்குவாள். சற்று நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் பேசினை ஏந்துவேன், சித்தப்பா முதுகைத் தடவுவார், பிறகு திரும்பவும் மிக்ஸி. அவள் சாப்பிடாமல் அவரும் சாப்பிடுவதில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது.

வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர், ஒரு பஞ்சாபிப் பெண், இதைப் பார்த்துவிட்டு அவரை வரவேற்பறையில் உட்காரவைத்துப் பேசினார். உடம்பு அடங்கிக்கொண்டு வருகிறது. பசியும் அதோடு போய்விடும், அது நோயாளிக்குக் கஷ்டமில்லை. வற்புறுத்திக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடலாம். உதட்டை நனைத்துவிடுங்கள், கேட்டால் மட்டும் கொடுங்கள், அது போதும். எல்லாவற்றுக்கும் சித்தப்பா, "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். டாக்டரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து நேரே சமையலறைக்குப் போய்க் கேழ்வரகுக் கூழ் கிண்டினார்.

அன்று சாயங்காலம் அவர் நடக்கப் போயிருந்தபோது சித்தி சொன்னாள்:

"எனக்கு ஒண்ணுமே இறங்கலட்டி. வேண்டாம்னு சொன்னா அவிய மொகம் அப்படியே சுருங்கிப் போகுது. அதைப் பாக்க மாட்டாமத்தான் முழுங்குதேன்."

"நான் சித்தப்பாகிட்ட பேசட்டா?"

"பேசு. ஆனா க்ளாஸ் எடுக்காத."

க்ளாஸ்தான் எடுத்தேன். சித்தப்பா வந்ததும் வராததுமாகப் போனில் ஒரு கட்டுரையைத் திறந்து, வரி வரியாக மொழிபெயர்த்தேன். அவர் கூழ்ப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். குழாயை அடைத்தார்.

"நீ படிச்ச புள்ள. எல்லாம் சரியாத்தான் சொல்லுத. நான் ஒண்ணு கேக்கேன். என் பொண்டாட்டிக்கு நான் சோறு போடாம நிப்பாட்டி, அதனால அவ போனான்னா, ஊர்ல அதுக்குப் பேரு என்ன?"

அவர் கையைத் துடைத்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். மூக்கு வழியா ட்யூப் போட்டுட்டா அவளுக்கு முழுங்குற கஷ்டம் இருக்காது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாலுக்கும் அவள் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைதான். நான் உள்ளே போனபோது சீலிங்கைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைக்குமேல் விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிப்போயிற்று. துவாரகாவில் அந்தச் சத்தத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. அன்று நான் அது முடிகிறவரை கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வரமாட்டேன்" என்றாள். "எனக்கு இந்தக் கட்டில் போதும்."

அந்த வாரம் முழுக்க நான் தறிகெட்டு அலைந்தேன். பால்கனிக்குப் போனேன், லிஃப்டில் இறங்கி சொசைட்டி வளாகத்தைச் சுற்றினேன், கேட் காவலாளி என்னைக் கண்டதும் கதவைத் திறந்து பிடிக்கப் பழகிவிட்டார். யாருக்குப் போன் செய்தாலும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அம்மா முழங்கால் கட்டோடு வர முடியாமல் ஊரிலிருந்து போனில் அழுதாள். நான் சித்தப்பாவிடம் இன்னும் இரண்டு தடவை பேசப் போய், பேசாமல் திரும்பினேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. சித்தி சொன்னதும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் திங்கள்கிழமை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா தேங்காய் வாங்கப் போனார். தேங்காய்ப் பால் எடுத்துக் கொடுத்தால் வயிற்றில் தங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கதவு சாத்தியதும் சித்தி கூப்பிட்டாள்.

"பூஜை அலமாரி மேல்தட்டுல கங்கைச் செம்பு இருக்கும். எடுத்துட்டு வா."

அது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். காசிக்கோ ஹரித்துவாருக்கோ போகிறவர்கள் கங்கை நீரை அடைத்து, வாயை ஈயத்தால் பற்றவைத்து வாங்கிவரும் சின்னச் செப்புச் செம்பு. உயிர் போகிற நேரத்தில்தான் அதை உடைப்பார்கள். அதுவரை யாரும் தொடமாட்டார்கள், பொங்கலுக்குத் தூசு தட்டுவதோடு சரி.

"இப்போ எதுக்கு சித்தி?"

"உடைக்கத்தான்."

"ஐயோ, அது..."

"அது எப்போன்னு எனக்குத் தெரியும்ட்டி. அந்த நேரத்துல ஊத்தினா எனக்குத் தாகம் தெரியுமா, ருசி தெரியுமா? காசியில நானே விலை பேசி வாங்கினது. என்ன ருசின்னு பாத்துட்டுத்தான் போவேன். இன்னைக்கு விட்டா நாளைக்கு நான் இங்கன இருக்க மாட்டேன்."

எனக்கு உடனே கை பரபரத்தது. செய்வதற்கு ஒரு காரியம். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். கத்தியால் ஈயத்தைச் சுரண்டினேன், பெயரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டினேன். மூடி பிளந்துகொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் அரைச் செம்பு கூட இல்லை, பாதிக்குமேல் எப்படியோ ஆவியாகிப் போயிருந்தது. அடியில் பச்சையாகக் களிம்பு.

"சித்தி, இது பாக்டீரியா பண்ணை."

"எனக்கு இனிமே இன்ஃபெக்‌ஷன் வந்தா என்ன? ஜல்தி, ஜல்தி."

பஞ்சில் நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றினேன். சித்தி நாக்கால் தொட்டுப் பார்த்தாள். கண்களை மூடினாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று நான் அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். சாவி திரும்பிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரை விலகியது. மேஜைமேல் உடைந்த செம்பு, கட்டிலில் கண் மூடிய சித்தி, அவள் வாயருகே என் கை. அவர் பார்த்தது அவ்வளவுதான். துணிப்பை நழுவித் தேங்காய்கள் தரையில் உருண்டன. சித்தப்பா அப்படியே கதவோரம் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். ஒரு ஆண் அப்படி அழுது நான் கேட்டதில்லை. "நான் இல்லாதப்போ போயிட்டியே, நான் வர்றதுக்குள்ள போயிட்டியே" என்று திரும்பத் திரும்ப. "சித்தப்பா, சித்தப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"ஏங்க" என்றாள் சித்தி.

அழுகை நின்றது.

"நான் இன்னும் போகல. களிம்பு பிடிச்ச தண்ணி, ஒரு ருசியும் இல்ல."

சித்தப்பா தவழ்ந்து வந்ததுபோலத்தான் கட்டிலருகே வந்தார். முதலில் கோபம் வந்தது, என்மேல். "அறிவிருக்கா உனக்கு? யாரைக் கேட்டு உடைச்ச?" சித்தி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "நான்தான் சொன்னேன். அவளை வையாதிய." அவர் அப்படியே அடங்கி, கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். சித்தி அவர் தலைமுடியை, இருக்கிற கொஞ்சத்தை, விரலால் கோதினாள். நான் வெளியே போகத் திரும்பினேன். சித்தி கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள். தரையில், தேங்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு எங்கேயும் போக வேண்டாம்" என்றாள் சித்தி. "ஆஸ்பத்திரியில வச்சுப் போனா, இப்படித்தான் நீங்க வர்றதுக்குள்ள போயிருவேன்."

அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நெசமாவே பசிக்கலியா?"

"நெசமா."

"கொஞ்சங்கூட?"

"உங்களுக்காகத்தான் முழுங்கினேன். இனி முடியல."

"அப்போ நான் என்னதான் செய்ய?" அதைக் கேட்கும்போது அவர் குரல் பள்ளிக்கூடப் பையனுடையதாக இருந்தது.

"சொதி வையுங்க. தேங்கா கிடக்குல்லா. நீங்க சாப்பிடுங்க, நான் பாக்கேன்."

சொதி எங்கள் ஊர்க் குழம்பு. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, கொதிக்கவிடாமல் இறக்குவது. சித்தப்பா அதற்குமுன் வைத்ததில்லை. சித்தி படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் நடுவில் ஓடி ஓடிச் செய்தி சேர்த்தேன். "முதல் பாலைக் கடைசியில ஊத்தச் சொல்லு." "முதல்லயே ஊத்திட்டாராம்." "அய்யோ, திரிஞ்சிருமே!" திரிந்துதான் போயிற்று. தட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டார். முதல் கவளம் தொண்டையில் நின்றது, சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினார்.

"உப்பு?"

"கூட."

"அதான் பாத்தேன்" என்றாள், பரம திருப்தியோடு.

ஆம்புலன்ஸ்காரரிடம் வரவேண்டாம் என்று அவரே போனில் சொன்னார். மறுநாளிலிருந்து மிக்ஸி ஓடவில்லை. வீடு அமைதியாகிவிட்டது, எனக்கு அதுவும் தாங்கவில்லை. சித்தப்பா பஞ்சால் உதட்டை நனைப்பார், விரலால் நெய் தடவுவார், அவள் தூங்கும்போது பேப்பரைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருப்பார். நான் பால்கனிக்கும் அறைக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பேன். சில சமயம் உட்காருவேன். சித்தி கண்ணைத் திறந்து நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "உடம்பு சரியில்லையா?" என்பாள்.

அவள் அதிகம் தூங்க ஆரம்பித்த ஒரு காலையில் ஊரிலிருந்து சித்தப்பாவின் தங்கை வீடியோவில் வந்தாள். போனைச் சித்தியின் முகத்துக்கு நேரே காட்டியதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை. "என்ன அண்ணாச்சி, மதினி இப்படி வத்திப் போயிட்டாவ? பாலாவது குடுத்தியளா? பட்டினி போட்டுராதிய அண்ணாச்சி!"

சித்தப்பா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கட்டுரை முழுவதும் மனப்பாடமாக இருந்தது. அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அவளுக்குப் பசிக்கல தாயி" என்றார். "நான் கேட்டுட்டேன்."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். சித்தியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அவள் மூச்சு எப்படி வந்துபோகிறது என்று பார்த்தபடி உட்கார்ந்தார்.