கதாநாயகனின் தாடை எலும்பு

பல் எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு ஊரார் வாயெல்லாம் அத்துப்படி. அவன் வாய் மட்டும் மூடியே இருக்க வேண்டும். கன்னத்தைப் பிடித்தபடி இதைப் படிக்கும் பல்வலிப் பாவிகளே, உங்களுக்காக இன்று திறக்கிறேன்.

முளை அடித்த கதை

எழுபதுகளின் கடைசியில் டெல்லி கரோல் பாக்கில் ஒரு சர்தார்ஜி டாக்டரிடம் எனக்கு வேலை. வெளிநாடு போய்வந்த மனுஷர். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் உலோக முளையை இறக்கி, அதன்மேல் புதுப்பல் மாட்டுவார். அதற்கு முதலில் துணிந்தவர் ராமசேஷன். மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். அதைவிட முக்கியம், டெல்லித் தமிழ் நாடகங்களில் இருபது வருஷமாக அவர்தான் கதாநாயகன். வயது ஐம்பத்திரண்டு. முன்பல் விழுந்துவிட்டது; புதுப்பல் இல்லாவிட்டால் வேஷமும் போய்விடும்.

"முளையைச் சுற்றி எலும்பு முதல் வருஷம் கொஞ்சம் இறங்கும். அப்புறமும் இறங்கினால்தான் ஆபத்து" என்றார் டாக்டர். ராமசேஷன் என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு இறங்கலாம்னு எழுத்துமூலமா வாங்கிக் குடுங்கோ. ஃபைல்ல போட்டுக்கறேன்."

கறுப்புக் கிண்ணம்

இரண்டாம் வருஷப் படத்தில் முளையைச் சுற்றிக் கிண்ணம் போலக் கறுப்பு. எக்ஸ்ரேயில் எலும்பு வெளுப்பு. கறுப்பென்றால் அது கம்பி நீட்டிவிட்டது என்று அர்த்தம். கடித்தது கரும்பா, சுட்ட சோளமா என்று டாக்டர் குடைந்தார். "வெறும் தயிர்சாதம்" என்று சத்தியம் செய்தார் ராமசேஷன்.

கூட வந்த அவர் சம்சாரம், மாமிக்குப் பொறுக்கவில்லை. கோபக் காட்சியில் பல்லை நறநறவென்று கடிப்பதுதான் ராமசேஷனின் நடிப்பு. குதுப்மினார் வரைக்கும் கேட்கும், கைதட்டலே அதற்குத்தான். "மேடையிலே மட்டுமா டாக்டர்? ரேஷன் க்யூவிலேயும் ஒத்திகை. கடைக்காரன் பயந்து ஒரு கிலோ சர்க்கரை கூடப் போட்டுட்டான்!"

சாய்ந்த குழாய்

கடிப்பதை நிறுத்து, மூன்று மாதத்தில் எலும்பு இன்னும் இறங்கியிருந்தால் முளையைப் பிடுங்கிவிடுவேன் என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து, புதுநாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், ராமசேஷன் என்னைத் தனியாகப் பிடித்தார்: "நாடகம் முடியறவரைக்கும் பல்லைக் காப்பாத்திக் குடுங்கோ." எக்ஸ்ரேக் குழாயைக் கொஞ்சம் சாய்த்தால் படத்தில் எலும்பு ஏறினமாதிரி தெரியும். நானும் அந்த நறநறவுக்குக் கைதட்டியவன்தானே! சாய்த்தேன். பள்ளம் தூர்ந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்; என்னையும் பார்த்தார். "அச்சா" என்றார். வாசலில் ராமசேஷன் என் காதைக் கடித்தார்: "கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கேளா? ஜல்தியா நம்பரைக் குடுங்கோ, க்யூவிலே முன்னாடி தள்ளிடறேன்."

மூன்றாம் காட்சி

நாடகத்தன்று முன்வரிசையில் டாக்டர், பக்கத்தில் நான். மூன்றாம் காட்சியில் வில்லனைப் பார்த்து ராமசேஷன் பல்லைக் கடித்தார். முளையோடு பல் பறந்தது. ஆர்மோனியக்காரர் தலையை ஒருமுறை வலம்வந்து டாக்டர் மடியில் விழுந்தது என்றால் நம்புங்கள். அதுவும் நடிப்பென்று ஜனங்கள் "ஒன்ஸ் மோர்!" போட்டார்கள். ஓட்டை வழியே வசனம் புஸ்புஸ்ஸென்று வந்தும் மனுஷர் கடைசிவரை நிறுத்தவில்லை.

டாக்டர் பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் பக்கம் சாய்ந்தார். "நாடகம் போட ஒருத்தர் போதும், பையா. நீ படத்தை நேரா எடு."

அடுத்த நாடகத்தில் ராமசேஷனுக்குக் கிடைத்தது மாமனார் வேஷம். டெல்லியில் எந்தக் கதவும் சிபாரிசுக்குத் திறக்கும், தாடை எலும்பு மட்டும் மசியாது.