நெவில் கப்பலேற்றிய படகு

ஆக்லாந்துக்கு வெளியே, எங்கள் ஓட்டேரே கடற்கரையில் ராவிரியை நடித்துக் காட்டுவது சுலபம். வாயைத் திறக்கவே வேண்டாம். புருவத்தை ஒரு தடவை தூக்கினால் ‘ஆமாம்’. தூக்காவிட்டால் ‘பார்க்கலாம்’. அவர் கூட்டாளி நெவிலை நடிக்கக் குரல் வேண்டும். மூக்கிலிருந்து வரும், எதைக் கேட்டாலும் “பரவால்ல, பரவால்ல” என்று முடியும். வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்காரரிடம் அதையேதான் சொல்வார்.

படகு நெவிலுடையது. அலுமினியம். பெயர் ‘ஷெரில் டூ’. “முதல் ஷெரில் ஏற மாட்டேன்னுட்டா, அதான்” என்று மனைவி ஷெரில் முன்னாலேயே சொல்வார். டிராக்டர் ராவிரியுடையது. எங்கள் கரையில் படகுத்துறை கிடையாது. படகை டிரெய்லரோடு டிராக்டரில் மாட்டி அலைக்குள் தள்ள வேண்டும். பிடிக்கிற சங்கரா மீனில் சதை நெவிலுக்கு, தலை ராவிரிக்கு. தலையில்தான் ருசி என்பது ராவிரி வீட்டுக் கணக்கு. இதை இருவரும் ஒருநாளும் பேசி முடிவு செய்ததில்லை.

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருந்த நெவிலின் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஷெரில் நெவிலோடு அங்கேயே போய்விடுவது என்று முடிவெடுத்தாள்.

“அப்ப படகு?” என்று மீன்பிடி கிளப்பில் கேட்டோம்.

“கப்பல்ல ஏத்திடுவேன். பரவால்ல.”

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் ராவிரியைப் பார்த்தார். ராவிரி புருவத்தைத் தூக்கினார்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் மண், பாசி, செத்த பூச்சி எதையும் உள்ளே விடமாட்டார்கள். படகைத் துளி அழுக்கில்லாமல் கழுவ வேண்டும். நெவில் ஒரு பழைய பல் பிரஷ்ஷை நீட்டினார். ராவிரி டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, இடுக்கு இடுக்காகத் தேய்த்தார். காதில் சேறு ஒழுகியது. மேலே நெவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சிரமமா இருந்தா விட்டுடு, ராவிரி.”

“இல்ல.”

“கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்.”

“போயிடும்.”

படகு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கப்பலேறிப் போய்விட்டது.

பிரிஸ்பேனில் படகு இறக்க சிமெண்ட் சரிவு, பின்னால் வண்டி வரிசை, ஹாரன். படகைப் பிடிக்க ஓர் ஆள், வண்டியை நிறுத்த ஓர் ஆள் வேண்டும். மருமகனுக்குக் கடலைக் கண்டாலே குமட்டும். நெவில் தனியாகவே இரண்டு தடவை போனார். பிறகு ‘ஷெரில் டூ’ வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய்க்குள் நின்றது. குழந்தைகளின் பால் வைக்க ஃப்ரீசரைத் திறந்த ஷெரில், நெவில் சேர்த்து வைத்திருந்த மீன்தலைகளைப் பார்த்துவிட்டு, “இது யாருக்கு நெவ்?” என்றாள்.

அடுத்த கோடையில் நெவில் ஒரு வாரம் இங்கே வந்தார். ராவிரி இப்போது, ஆக்லாந்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பல் டாக்டர் ஒருவரின் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நெவிலும் அதில் போனார், விருந்தாளி இருக்கையில். திரும்பி வந்து டிரெய்லரை மாட்டும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன். இங்கயே விட்டுட்டுப் போன்னு.”

ராவிரி கொக்கியை இழுத்துப் பார்த்தார். “பிரஷ்ஷ நீதான குடுத்த.”

“படகத் திரும்ப அனுப்பட்டுமா?”

“டாக்டர்கிட்ட வரேன்னு சொல்லிட்டேனே.”

டாக்டர் மேசையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். சதையைப் பெட்டியில் போட்டு, தலையைக் கடற்பறவைகளுக்கு வீசினார். ஒன்று. இன்னொன்று. ராவிரி அதைப் பார்க்காத மாதிரி சக்கரத்தைப் பார்த்தார்.

நெவில் விறுவிறுவென்று போனார். “டாக்டர், தலைங்கள எறியாதீங்க. அது இவனுக்கு.”

“அடடா. வந்த நாள்லேர்ந்து எறிஞ்சுக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ராவிரி?”

ராவிரி புருவத்தைத் தூக்கினார்.

மிச்சமிருந்த தலைகளை வாளியில் அள்ளி, நெவில் டிராக்டரில் வைத்தார். “நான் அன்னிக்கே இப்படி வாயத் தொறந்து கேட்டிருந்தா...” என்று தொடங்கியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “சரி. பரவால்ல.”

“இல்ல நெவ்,” என்றார் ராவிரி. “பரவால்லன்னு சொல்லாத.”