காலில் தெரிந்த சிரிப்பு

1. செல்வி கேட்டது

"இவளுக்கு நான்தான் அம்மான்னு தெரியுமா சார்? அத மட்டும் சொல்லுங்க."

முத்துச்செல்வி இதைக் கேட்டபோது நான் அவர் மகள் பவித்ராவின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கான பிசியோதெரபி வேலையில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. பிள்ளை எப்போது உட்காரும், எப்போது நிற்கும், இந்த ஷூ எதற்கு, அந்த எண்ணெய் தேய்க்கலாமா என்று என்ன கேட்டாலும் பதில் நுனிநாக்கில் நிற்கும். இந்தக் கேள்வியை மட்டும் "ஜெயந்தி மேடத்த டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்வோம்மா" என்று பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்டேன். எங்கள் தொழிலில் தெரியாததைப் பக்கத்து அறைக்குத் தள்ளுவது ஒரு கலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

எங்கள் சென்டர் அவனியாபுரத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் தாழப் பறக்கும்போது எல்லா அறையிலும் பேச்சு நிற்கும். பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

பவித்ராவுக்கு அப்போது ஏழு வயது. பிறக்கும்போது மூளைக்கு அடிபட்டதால் உடம்பு முழுவதும் விறைப்பு. நாங்கள் அதை டோன் என்போம். உட்கார முடியாது, பேச்சு வராது. மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து செல்வி அவளை இடுப்பில் சுமந்துகொண்டு மாட்டுத்தாவணி வந்து, அங்கே பஸ் மாறி எங்களிடம் வருவார். ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைப்பது என்றால் என்னவென்று வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

அவர் கணவர் பாண்டி, கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். ஒருநாள் அவரே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சுற்றி வளைக்கவில்லை.

"எம் பொண்டாட்டிக்கு இடுப்பு போச்சு சார். திருச்சிப் பக்கம் இந்த மாதிரிப் புள்ளைங்கள வச்சுப் பாத்துக்கிற ஒரு ஹோம்ல விசாரிச்சு வச்சிருக்கேன். புள்ளைக்கு யாரு என்னன்னு ஒண்ணுமே தெரியாதுன்னா, எங்க இருந்தாலும் அவளுக்கு ஒண்ணுதான. அம்மாவத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே சுமந்துக்கிட்டு வாரேன்."

கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

2. பங்கு போட்ட பிள்ளை

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையைப் பங்கு போட்டுக்கொள்வோம். கழுத்தும் இடுப்பும் காலும் பிசியோவுக்கு. கை ஆக்குபேஷனல் தெரபிக்கு. வாயும் காதும் ஸ்பீச்சுக்கு. கறிக்கடையில்கூடப் பங்கு கேட்டால் கொஞ்சம் கலந்து போடுவார்கள். நாங்கள் கலப்பதே இல்லை. அவரவர் அறை, அவரவர் உறுப்பு.

ஜெயந்தி எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட். என்னைவிட இருபது வயது இளையவர், வேலையில் படு சுத்தம். பவித்ராவைத் தரையில் சாய்த்து வைத்து, அவள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம் காட்டினார். பந்து எங்கே, நாய் எங்கே, தட்டு எங்கே. சரியான படத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பந்து வலது பக்கம் இருந்தாலும் பவித்ரா வலது பக்கமே பார்த்தாள். இடது பக்கம் இருந்தாலும் வலது பக்கமே பார்த்தாள். நானும் அறையில்தான் இருந்தேன், பிள்ளை சரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. என் பங்கு இடுப்பு அல்லவா.

முடிவை ஜெயந்தி செல்வியிடம் பக்குவமாகத்தான் சொன்னார். சொல்வதைப் புரிந்துகொண்டதற்கு அடையாளம் எதுவும் இப்போதைக்கு இல்லை, பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். செல்வி தலையை ஆட்டினார். அழவில்லை. ஊர்த் திருவிழா முடிந்ததும் ஹோமில் கொண்டுபோய் விடுவதாக வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள் என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். அதுவரைக்கும் தெரபியை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

3. குரங்கும் தயிர்சாதமும்

அன்று செல்வி மருந்து வாங்க வெளியே போயிருந்தார். பவித்ரா என் பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். அவள் வலது பாதம் என் உள்ளங்கையில் இருந்தது. ஜெயந்தி எதற்கோ என் அறைக்கு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அழகர்கோவிலுக்குப் போனோம்மா. ஒரு குரங்கு டிபன் பாக்ஸத் தூக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. நானும் விடாம அடியில போயி நின்னேன். மூடியத் திறந்துச்சு. தயிர்சாதத்த மோந்து பாத்துச்சு. அப்படியே கவுத்து என் தலையில கொட்டிருச்சு."

ஜெயந்தி சிரிப்பதற்கு முன்னால் என் கையில் இருந்த கால் விறைத்தது. கட்டை மாதிரி நீண்டு என் உள்ளங்கையைத் தள்ளியது. பிறகு தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கரகரவென்று ஒரு சத்தம், முகமும் கோணும். அதை நாங்கள் எல்லோருமே அழுகை என்றுதான் வைத்திருந்தோம். வலிக்கிறது போல என்று பாட்டுப் பாடிச் சமாதானம் செய்வோம்.

வழக்கம்போல டோன் கூடுகிறது என்று காலைத் தளர்த்தப் போனேன். பிறகுதான் யோசித்தேன். நான் நீட்டவில்லை, மடக்கவில்லை. விமானம் போகவில்லை, கதவு அடிக்கவில்லை. எதற்கு விறைத்தது?

கதையை மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை சுவரைப் பார்த்துக்கொண்டு, பஞ்சாங்கம் படிக்கிற குரலில். குரங்கு மரத்தில் ஏறியது. மூடியைத் திறந்தது. மோந்து பார்த்தது. அங்கே நிறுத்திவிட்டேன். கால் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. அது காத்திருந்தது. ஜெயந்தி, "என்னண்ணே பண்றீங்க?" என்றார். நான் கதையை முடித்தேன்.

"எங்க வீட்டம்மா தலையில கொட்டிருச்சு."

கால் முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் உதைத்தது. சத்தம் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

என் தலைக்கும் என் மனைவி தலைக்கும் வித்தியாசம் தெரிந்து, இரண்டாவதுதான் பெரிய வேடிக்கை என்று முடிவு செய்த ஒரு ஆள் என் பாயில் படுத்திருந்தாள். சம்பளப் பேச்சு, மாமியார் பேச்சு, டாக்டரைப் பற்றிய புறணி என்று அவள் தலைக்கு மேலே நாங்கள் பேசாத பேச்சு இல்லை. அம்புட்டையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். கோயிலில் கர்ப்பகிரகத்துத் திரையை விலக்கும்போது வருமே ஒரு நடுக்கம், அது எனக்கு அன்று என் அறையிலேயே வந்தது.

4. மேலே ஒன்று, கீழே ஒன்று

"அப்ப அன்னைக்கு ஏன்ணே வலது பக்கத்தையே பாத்தா?" என்று ஜெயந்தி கேட்டார்.

கேட்ட நொடியில் எனக்குப் பதில் தெரிந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளில் சிலருக்குத் தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீண்டு, மற்றது மடங்கி, வில்லை வளைத்தாற்போல உடம்பே பூட்டிக்கொள்ளும். அவர்கள் வேண்டும் என்று செய்வதில்லை. பிறந்த சில மாதங்களில் போக வேண்டிய ஒரு ரிஃப்ளெக்ஸ் போகாமல் நின்றுவிடுவதுதான் காரணம். பவித்ராவுக்கு அது வலது பக்கம். இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று அவள் நினைத்தாலும் கழுத்து விடாது. கேட்டது ஜெயந்தி, பதில் சொன்னது கழுத்து. இந்த ரிஃப்ளெக்ஸ் எனக்குப் பாலபாடம். பாயில் தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். படம் காட்டுகிற அறைக்குள் போனதும் அது ஸ்பீச்சின் பங்கு என்று வாயை மூடிக்கொண்டேன். ஜெயந்திக்கும் கழுத்து என் பங்கு.

ஜெயந்தி உட்கார்ந்து வருத்தப்படுகிற ஆள் இல்லை. உடனே எழுந்து தலை சாயாமல் தாங்குகிற நாற்காலியை இழுத்து வந்தார். நான் பவித்ராவின் இடுப்பைப் பின்னால் தள்ளி, பாதம் இரண்டும் பலகையில் பதிய, தலை நடுவில் நிற்கும்படி உட்கார வைத்தேன். இந்த முறை படங்களை இடம் வலமாகக் காட்டவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே.

பந்து எங்கே என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். முதலில் உடம்பு விறைத்தது. தளர்ந்தது. மறுபடி விறைத்தது. கடைசியில் கண் மெதுவாகக் கீழே இறங்கிப் பந்தில் நின்றது. படங்களை மாற்றினோம். கண் மேலே ஏறியது. எத்தனை முறை மாற்றினாலும் விடாமல் தேடிப் பிடித்தது. ஜெயந்திக்குக் கண் கலங்கி, கடைசிப் படத்தை அவரே தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அடுத்த சில வாரங்களில் ஆமாம், இல்லை இரண்டும் வந்துவிட்டன. மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை இறுக மூடினால் இல்லை. மூடுவது அவளே கண்டுபிடித்தது.

செல்வி எல்லாவற்றையும் சுவரோரமாக நின்று பார்த்தார். அவருடைய கேள்வியை இப்போது கேட்கலாமே என்று ஜெயந்தி சொன்னதற்கு வேகமாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"அவரு வரட்டும் மேடம். நான் மட்டும் இருக்கையில கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா, என்னால தாங்க முடியாது."

5. பாண்டி வந்த நாள்

திருவிழா முடிந்து ஊர் அடங்கியிருந்தது. பாண்டி காக்கிச் சட்டையில் கல் தூசியோடு வந்து, பிள்ளைகள் உட்காருகிற குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெயந்தி படங்களைக் காட்டினார். பவித்ரா பார்த்தாள். பாண்டி முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நாங்கள் ஏதோ ஜாடை காட்டிப் பழக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

"நான் கேக்கலாமா சார்?" என்றார். கேட்கச் சொன்னோம்.

நேற்று ராத்திரி வீட்டில் கரண்டு போனதா என்று மகளிடம் கேட்டார். எங்களுக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவள் மேலே பார்த்தாள். அப்பா மிட்டாய் வாங்கி வந்தேனா என்று கேட்டார். கண்ணை இறுக மூடினாள். பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். மறந்துட்டேன்" என்றார், எங்களிடம் அல்ல.

பிறகு செல்வியைப் பார்த்தார். செல்வி எழுந்து வந்து மகளுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாதம் நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். செல்வி கேட்டார்.

"பவி. என்னையத் தெரியுதா? நான் அம்மான்னு உனக்குத் தெரியுமா?"

பவித்ரா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, கண், வாய் என்று முழுதாகப் பார்த்தாள். காத்திருந்தோம். பிறகு கண்ணை இறுக மூடினாள்.

இல்லை.

செல்வியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. ஜெயந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் என் உள்ளங்கையில் அது தொடங்கியது. முதலில் விரல் நுனியில் ஒரு துடிப்பு. பிறகு குதிகால் பலகையை அழுத்தியது. குரங்கு மோந்து பார்த்த நேரத்தில் வந்த அதே நடுக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் கால் இரண்டும் என் கையைத் தள்ளிக்கொண்டு நீண்டன. மூடிய கண்ணில் ஒன்று மட்டும் லேசாகத் திறந்து அம்மா என்ன செய்கிறாள் என்று பார்த்தது. அந்தக் கரகரச் சத்தம் அறையை நிறைத்தது.

முதலில் புரிந்துகொண்டது பாண்டிதான்.

"அடியே, உன்னைய நக்கல் பண்றாடி."

செல்வி மகளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, "எம்புட்டுக் கொழுப்பு இவளுக்கு" என்றார். பவித்ரா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கிவிட்டாள். பாண்டி எழுந்து அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். ஹோமைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "மிட்டாய் வாங்கிட்டு வீட்டுக்குப் போவமா ஆத்தா?" என்று கேட்டார். தோளில் கிடந்தபடியே அவள் கண் மேலே போனது.

சோதனையின் விதிப்படி பவித்ராவின் அந்த "இல்லை" தவறான பதில். ஒரு ஆளைக் கேலி செய்ய வேண்டும் என்றால் அந்த ஆளை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால் அம்மா எப்படித் துடிப்பாள், சிரித்தால் எப்படி மன்னிப்பாள் என்பது வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு எங்களிடம் படம் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பிள்ளையைப் பங்கு போடாதீர்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர்கள் தலைக்கு மேலே பேசுவதாக இருந்தால் நல்ல கதையாகப் பேசுங்கள்.

பாண்டி லீவு நாளில் இப்போதும் அவளைத் தோளில் சுமந்துதான் வருகிறார். கால் நீளமாகிவிட்டது, அவர் முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. வாசலிலேயே நிறுத்தி, "என்னையத் தெரியுதா ஆத்தா?" என்று கேட்பேன். பவித்ரா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் அவள் காலைப் பார்ப்பேன்.