ஏசி அறையில் பகல் தூக்கம்

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு சிறிய தொழிற்சாலையில் கணக்கு அதிகாரியாக இருந்தேன். அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை ஒதுக்கி, ஏசி வைத்து, செருப்பை வெளியே விடச் சொல்லி அட்டை மாட்டினார்கள். முதலாளி அறையில்கூட அப்போது ஏசி கிடையாது.

அதை இயக்க அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்கு மில் வேலை போய்விட்ட வீடு. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. சில மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு.

புதுச்சேரியில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகளே கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனதும் அந்த அறையில் பாய் விரித்துப் படுப்பேன். ஒரே தொல்லை, மேசைக்கடியில் இருந்த ஸ்டெபிலைசர். கரண்ட் ஏறி இறங்கினாலும் கம்ப்யூட்டரைக் காக்கும் இரும்புப் பெட்டி அது. என் தலைமாட்டில் உர்ரென்று உறுமும். அதை அணைத்தேன். அணைத்தால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வராது, ஏன் என்று கேட்பார்கள். அதனால் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி நேரே சுவரில் செருகினேன். எழுந்ததும் மாற்றச் சோம்பல். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து பழையபடி செருகிவிடுவேன்.

அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. பிற்பகலில், பாதிச் சரக்குக் கணக்கை ஏற்றியிருக்கும்போது, திரை கறுத்து முதலிலிருந்து தொடங்கும். ஏற்றியதெல்லாம் போய்விடும். மெட்ராஸிலிருந்து எஞ்சினியர் காலை நேரத்தில் வந்தார். திறந்து தூசி தட்டினார், பிளாப்பியை மாற்றிப் பார்த்தார், கோளாறே இல்லை என்று மதிய பஸ்ஸில் ஏறிவிட்டார். மறுமுறை வந்தபோதும் அதே கதை.

"மிஷின்ல ஒண்ணும் இல்லப்பா. அந்தப் பொண்ணு கைராசி அப்படி," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"ஆமாண்ணே, உங்க கைதான் ரொம்ப ராசி. வாரா வாரம் ஸ்டோர் சாவி தொலையுது," என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் மறுநாள் அவளே ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, கம்ப்யூட்டரைச் சுற்றி, வாசலில் வைத்து நசுக்கினாள்.

ஒருநாள் தூங்கி எழுந்தும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் வேலையில் இருந்தாள். ஓய்ந்திருந்த ஏசி உதறிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியது. டியூப்லைட் ஒரு கணம் மங்கியது. திரை கறுத்தது.

"ஐயோ, திரும்பவும் போச்சு சார்."

இரண்டுக்கும் ஒரே லைன். நடுவில் காவல் நிற்க வேண்டிய பெட்டியை நான் அணைத்துப் போட்டிருந்தேன். பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லவில்லை. ஏசி அறையில் படுத்துத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

அந்த வாரமே முதலாளி கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் அவரை முசே என்போம்.

"அந்தப் பொண்ண வச்சிக்கலாமா, வேணாமா? உமக்கு என்ன தோணுது?"

"கைராசி இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க முசே," என்றேன்.

எல்லோரும் சொன்னதைத்தானே சொன்னேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவளை நிறுத்திவிட்டார்கள். பாயைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். வேறொருவர் வந்தார், கம்ப்யூட்டர் ஒருநாளும் நிற்கவில்லை. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

சில மாதம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில், நான் மீன் வாங்கும்போது அவளைப் பார்த்தேன். துணிக்கடையில் இருப்பதாகச் சொன்னாள்.

"வேற எங்கயும் கம்ப்யூட்டர் வேலை கிடைக்கலையாம்மா?"

"கூப்பிட்டாங்க சார். நான்தான் போகல. அவங்க மிஷினையும் எதுக்குக் கெடுக்கணும்? துணி மடிக்கிறேன். துணி நடுவுல நின்னுடாது பாருங்க." சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அது இப்ப நல்லா ஓடுதா சார்?"

"ஓடுதும்மா."

மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். "முழுசாவா, வெட்டணுமா?" என்று மீன்காரம்மா கேட்டாள். வெட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினால், அவள் பூக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.