வண்டியைத் திருப்பிவிட்டது யார்?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். ஷோபாவுக்குக் கதை கட்டத் தெரியாது. ஆந்திராவில், சித்தூர்ப் பக்கம், பாலசமுத்திரத்துக் கிராம சச்சிவாலயத்தில், அதாவது ஊர் அரசாங்க ஆபீஸில், கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலை அவளுக்கு. பத்து மணி ஏழு நிமிஷம் என்றால் அப்படியேதான் ஏற்றுவாள், 'சுமார் பத்து' என்கிற பேச்சே கிடையாது. அவள் சொன்ன நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் மாற்றாமல் இங்கே இருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அதனால் அவளுக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல். உச்சி வெயில்.

ஷோபாவின் புருஷன் யஸ்வந்த், பாலசமுத்திரம் மெயின் ரோட்டில் டூ வீலர் மெக்கானிக். நாலு வருஷமாக அவனுக்கு ஒரே கிறுக்கு. சொந்தக் கையால் ஒரு குட்டி வண்டி செய்து, ஐம்பது சிசி எஞ்சினில், வேகத்துக்கு ரெக்கார்ட் எடுக்க வேண்டும். பாகாலாவில் பழைய இரும்புக் கடையில் ஒரு மொபெட் எஞ்சின் வாங்கினான். கடைசல் வேலைக்குச் சித்தூருக்கும் ஊருக்குமாக அலைந்தான். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு, வண்டியை முழுக்க மூடி, ஃபைபரில் மீன் மாதிரி ஒரு கூடு வார்த்தான்.

அந்தக் கூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உயரம் இடுப்பளவுதான். உள்ளே ஆள் கால் நீட்டி மல்லாந்து படுத்து ஓட்ட வேண்டும். முகத்துக்கும் மார்புக்கும் மேலே வளைந்தாற்போல் சின்னக் கண்ணாடி. அதில் நேரே ரோடு தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஆள் படுத்ததும் மூடியைப் போட்டு வெளியிலிருந்து டேப் ஒட்டிவிடுவார்கள். காலை ஊன்ற வழியில்லை. அதனால் கிளம்பும்போது யாராவது பிடித்துக்கொண்டு ஓடித் தள்ள வேண்டும். நிற்கும்போது இரண்டு பேர் வந்து பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அப்படியே சாயும். உள்ளே இருக்கிறவர் தானாக வெளியே வர முடியாது.

யஸ்வந்த் எழுபத்து நாலு கிலோ. ஷோபா நாற்பத்தொன்று. கூடு அவள் அளவுக்கு வார்க்கப்பட்டது. "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும்" என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

நடுவில் அவள் உண்டானாள். ஆடி மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் மூச்சு நின்றுவிட்டது. பேர்கூட வைக்கவில்லை. யஸ்வந்தும் அவன் அண்ணன் கோவர்த்தனனும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் கூடப் போகக் கூடாது என்பது வழக்கம். எங்கே புதைத்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்து வற்றவைத்தார்கள்.

ஷோபா அழவில்லை. வேண்டுமென்று அடக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். நாற்பதாம் நாள் வேலைக்குப் போனாள். சோறு போட்டால் தின்றாள், போடாவிட்டால் கேட்கவில்லை. 'பெத்தவளா இவ, கல்லாட்டம் கீறா' என்று நாலு பேர் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

யஸ்வந்திடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"புள்ளய எங்க வச்சீங்க? என்ன ஒரு தபா இட்டுக்கினு போங்க."

முதலில் 'ஆவட்டும்' என்றான். தை மாதத்துக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தான்.

"ரெக்கார்ட் ரன் முடியட்டும். இட்டுக்கினு போறேன்."

அதற்காகத்தான் அவள் அந்தக் கூட்டுக்குள் படுத்தாள். ரெக்கார்ட் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஊருக்குத் தெற்கே புது ஆறுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு கிலோமீட்டர் முடிந்து, திறக்காமல் கிடந்தது. யஸ்வந்த் அலையாய் அலைந்து ஒரு நாளைக்கு அனுமதி வாங்கினான். மார்ச் மாதம், இரண்டாவது ஞாயிறு, காலை ஆறிலிருந்து மதியம் ஒரு மணிவரை. விதி இதுதான்: போனால் மட்டும் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பி, அதே ரோட்டில் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வேகத்தின் சராசரி மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும்.

அன்றைக்கென்று நேரம் எடுக்கிற பெட்டி மக்கர் பண்ணியது. விடியற்காலை ஓட வேண்டிய வண்டி பதினொன்றரை ஆகியும் நின்ற இடத்திலேயே நின்றது. தூரத்து முனையில் வண்டியைப் பிடிக்கக் காத்திருந்த கோவர்த்தனனும் அவன் சிநேகிதன் தரணியும் தண்ணீர் குடிக்க இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி சரியாயிற்று. இருவரும் வேனில் ஏறி, ரோட்டுக்குக் கீழே இருக்கும் மண் பாதையில் பறந்தார்கள்.

மாமியார் சந்திரம்மா குடையோடு குறுக்கே வந்து நின்றாள்.

"டேய், உச்சி வேளடா. பெத்து ஒரு வருசம் ஆவல அவளுக்கு. வாணாம்டா."

"இரும்பு கூட இருந்தா ஒண்ணும் அண்டாதுன்னு நீதான சொல்லுவ? வண்டியே இரும்புதாம்மா."

சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

11.52. ஷோபா உள்ளே படுத்தாள். பெல்ட் போட்டாள். மூடி விழுந்தது. டேப் சர்ர்... சர்ர்... என்று ஒட்டும் சத்தம். ஒரு மணி நேரக் கணக்குக்காக யஸ்வந்த் உள்ளே ஒரு குட்டி கடிகாரம் ஒட்டியிருந்தான். ஹெல்மெட்டுக்குள் வாக்கி டாக்கியின் காதொலி. அதில் கோவர்த்தனன் குரல் கேட்டது.

"நீங்க வுடுங்கடா. நாங்க போய்க்கினேதான் கீறோம். அஞ்சே நிமிசம்."

12.06. யஸ்வந்த் தள்ளினான். எஞ்சின் பிடித்தது.

வேகம் ஏற ஏறக் கூடு முழுக்க அதிர்ந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை, குஷியும் வரவில்லை. வேறு யாரோ ஓட்டுகிற வண்டியில் சும்மா படுத்திருப்பதுபோல் இருந்தது. நேரம் எடுக்கிற அதிகாரி தேவயானி குடைக்கடியில் நின்றது நொடியில் பின்னால் போயிற்று. அதற்கப்புறம் ரோடு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கத்துக்குத் தெரியாது.

தூரத்தில் ஆரஞ்சு கோன்கள். அதுதான் முனை.

வேன் இல்லை.

ஆளும் இல்லை.

பிரேக்கை அழுத்தினாள். "மாமா..." என்று கோவர்த்தனனைக் கூப்பிட்டாள், வாக்கி டாக்கியில். கர்ர்ர்... என்று இரைச்சல் மட்டும். இருபது. பத்து. ஐந்து. எஞ்சின் அணைந்தது. வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது. சரி, விழப்போகிறோம் என்று நினைத்தாள். அந்த வெயிலில், மூடிய கூட்டுக்குள், எவ்வளவு நேரம் கிடக்க வேண்டுமோ.

வண்டி சாயவில்லை.

யாரோ பிடித்துவிட்டார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். 12.09.

"மாமா? எங்க இருந்து வந்தீங்க?"

பதில் இல்லை. பின்னாலிருந்து ஓடிவந்திருப்பார், மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். உண்மையிலேயே மூச்சுச் சத்தம் கேட்டது. ஆனால் அது ஒருவருடைய மூச்சு இல்லை. நிறைய மூச்சு. சின்னச் சின்னதாக, வேக வேகமாக.

ஃபைபர் மெல்லியது. வெளியே விரல் வைத்தாலும் உள்ளே தெரியும். முழங்கைப் பக்கம் ஒரு கை பட்டது. அப்புறம் தொடைப் பக்கம். காலடியில். அந்தப் பக்கமும். எல்லாமே கீழே, கூட்டின் அடியோரம். நிற்கிற மனுஷன் கை வைக்கிற உயரத்தில் ஒன்றுகூட இல்லை.

எண்ணிப் பார்த்தாள். பதினொன்றுவரை எண்ணினாள். அதற்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை.

வண்டி திரும்பியது.

மெதுவாக. ஒரு குலுக்கல் இல்லாமல். கண்ணாடியில் கோன்கள் நகர்ந்தன... வெற்று வயல் நகர்ந்தது... வந்த ரோடு நேரே வந்து நின்றது.

"யாரு?"

கர்ர்ர்...

12.14. கைகள் அப்படியே இருந்தன.

12.17. யாரோ கூட்டைச் சுரண்டினார்கள். நகத்தால். கண்ணாடிக்கு வெளியே யாரும் தெரியவில்லை.

12.19. தள்ளினார்கள்.

ஓடுகிற காலடிச் சத்தம்... தப்... தப்... தப்... செருப்பில்லாத கால்கள். பழக்கதோஷத்தில் கிளட்சை விட்டாள். எஞ்சின் பிடித்தது. காலடிச் சத்தம் நிற்கவில்லை. எண்பதில் போகும்போதும் கேட்டது.

நூறிலும் கேட்டது.

அப்போதுதான் நெஞ்சுமேல் பெல்ட் இறுகியது.

கனமாக. சூடாக.

ஹெல்மெட் கண்ணாடி அவள் முகத்தை மூடியிருந்தது. அவள் மூச்சு வெளியே போக வழியில்லை. ஆனாலும் கூட்டின் கண்ணாடியில், நெஞ்சுக்கு நேரே, ஆவி படர்ந்தது.

மறைந்தது.

படர்ந்தது.

குனிந்து பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தாள்.

12.22. யஸ்வந்த் ஓடிவந்து வண்டியைப் பிடித்தான். டேப்பைக் கிழித்தான். வாக்கி டாக்கியில் தேவயானி கத்திக்கொண்டிருந்தாள். போகும்போது நூற்றுப் பதினெட்டு. வரும்போது நூற்று முப்பத்தொன்று. ரெக்கார்ட்! அதே எஞ்சின், அதே ரோடு, இலைகூட அசையாத வெயில். பதிமூன்று கிலோமீட்டர் எங்கேயிருந்து கூட வந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

"மாமாதான அங்க புடிச்சாங்க?" என்று கேட்டாள் ஷோபா.

அந்த நேரத்தில் கோவர்த்தனன் குரல் வந்தது. இரைக்க இரைக்க.

"டேய் யஸ்வந்து... பாதியிலயே டயர் பஞ்சர்டா... வாக்கியும் எடுக்கல. நடந்து வந்துக்கினு கீறோம். ஷோபா எங்கடா? வுழுந்துட்டாளா?"



யஸ்வந்த் கூட்டைப் பார்த்தான். வெள்ளி பெயின்ட். அதன் அடியோரம் முழுக்கச் செம்மண் கைத்தடம். சுற்றிலும். எல்லாம் குழந்தைக் கை. முழங்காலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

வந்து பார்த்த தேவயானி, "எவரோ பில்லலு" என்றாள் தெலுங்கில். ரோடு வேலைக்காரர்களின் பிள்ளைகளாக இருக்கும் என்றாள். அவர்கள் கொட்டகை ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. யஸ்வந்த் அதைச் சொல்லவில்லை.

சந்திரம்மாதான் ஷோபாவின் சட்டையைப் பார்த்தாள். முன்பக்கம் நனைந்திருந்தது. பெட்ரோலா என்று மோந்து பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்து மருமகள்மேல் போர்த்தினாள். எட்டு மாதத்துக்கு முன்னால் வற்றிப்போன பால்.

மறுநாள் திங்கள்கிழமை. ஷோபா லீவு போட்டாள்.

"ரன் முடிஞ்சிடுச்சி. வாங்க போலாம்."

யஸ்வந்துக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை. ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரையோரம், சின்னக் குழந்தைகளை மட்டும் புதைக்கிற இடம். போய் நின்றால், அங்கே இடமே இல்லை. இரண்டாள் ஆழத்துக்குப் பள்ளம். அடியில் செம்மண் கலங்கிய தண்ணீர்.

"தை மாசம் வந்து பாத்தேன். ராவோட ராவா மண்ண அள்ளிட்டாங்க. உனுக்கு எப்டிச் சொல்றது... அதான் ரன் முடியட்டும் முடியட்டும்னு..."

அவன் குந்திவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஷோபா நின்றுகொண்டே இருந்தாள்.

கரைமேல் டிப்பர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்த முனிரத்தினம் இவர்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். அந்த ஊர்க்காரன்தான்.

"இந்த மண்ணு எங்கண்ணா போச்சி?" என்று கேட்டாள் ஷோபா.

"ரோட்டுக்குத்தாம்மா. நானே முப்பது லோடு அடிச்சேன்."

"ரோட்ல எங்க?"

"கடைசியில. நேத்து கோன் வச்சிருந்தீங்களே, அந்த எடம். அதுக்கு அடியில பூரா ஏரி மண்ணுதான்." சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அங்க மட்டும் ரோலர்காரன் மதியானத்துல வண்டிய வுட மாட்டான்மா. கேட்டா, பசங்க குறுக்க ஓடுதுன்னுவான். நாங்க ஒருத்தரும் பாத்ததில்ல."

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

சாயந்திரம் ஐந்து மணி. யஸ்வந்தால் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஈரத்துணி எடுத்துக் கூட்டைத் துடைக்க ஆரம்பித்தான். வெறும் மண்தான், ஒவ்வொன்றாகப் போயிற்று. கண்ணாடிக்கு வந்தான். நெஞ்சுக்கு நேரே இருக்கிற மூலையில் ஒரு கை மட்டும் போகவில்லை. தீப்பெட்டி அகலம்கூட இல்லாத கை. ஐந்து விரலும் விரித்து வைத்தாற்போல். தேய்த்தான். சோப்புப் போட்டுத் தேய்த்தான்.

ஷோபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெகு கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். எட்டு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. புருஷன் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெளிய தொடச்சா எப்டிப் போவும்? அது உள்பக்கம் கீது."