நெல்லின் மேல் ஒரு கோடு

என் ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கிறார்கள்: "உங்க குடும்பத்துல வேற யாராவது வரைவாங்களா?" தஞ்சாவூர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் போதும், தங்கத் தகடு ஒட்டிய கிருஷ்ணரையும் அரண்மனையில் வேலை பார்த்த முப்பாட்டனையும் அவர்களே எனக்கு ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். தாத்தா வரைவார் என்று மட்டும் சொல்வேன். எதன் மேல் வரைவார் என்று யாரும் கேட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, குடவாசலுக்குப் பக்கத்தில் அப்பா வாங்கிய துண்டு நிலத்தில் முதல் அறுவடை. அதுவரை எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள்தான். கொள்முதல் நிலையத்து வாசலில் எங்கள் நெல் அம்பாரமாகக் குவிந்து, எடைக்கு முறை வராமல் கிடந்தது. ஆளில்லாத நேரத்தில் கூடை கூடையாகக் குறைந்துவிடும் என்ற கவலையில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தார்ப்பாய் வாங்கக் கிளம்பிய பகலில் நானும் அத்தையும் காவல். அத்தை அப்பாவுக்கு அக்கா.

அத்தைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு எடுத்துவர வேண்டியிருந்தது. போவதற்கு முன், சலித்த அடுப்புச் சாம்பலைக் கிண்ணத்திலிருந்து கையில் அள்ளி, குனிந்தபடியே அம்பாரத்தைச் சுற்றி நடந்தாள். விரலிடுக்கிலிருந்து நெல்லின் மேல் கோடு இறங்கியது. வளைந்து, சுழித்து, மறுபடி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே போய்ச் சேர்ந்தது. அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிற்பாடு எத்தனையோ பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டேன், எதன் முன்னாலும் அப்படி வாயைப் பிளந்து நின்றதில்லை.

"யாரு கை வச்சாலும் கோடு கலைஞ்சு காட்டிக் குடுத்துரும். நீ கண்ணசந்தாலும் அது அசராது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சட்டமெல்லாம் மனிதர்களுக்குத்தான். எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து, கோட்டின் மேலேயே முன்னங்காலை ஊன்றி, சாவகாசமாகத் தின்றது. விரட்டிவிட்டுப் பார்த்தால் ஒரு முழத்துக்குக் கோட்டையே காணோம். அப்பா இதைப் பார்த்தால் பக்கத்து அம்பாரத்துக்காரரோடு சண்டைக்குப் போய்விடுவார். கிண்ணத்தில் மிச்சமிருந்த சாம்பலை அள்ளினேன். எப்படிப் போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை போன வழியில் நான் போனேன்.

அத்தை வந்ததும் சொன்னேன். "ஆடு கலைச்சிருச்சு அத்தை. நானே போட்டுட்டேன்."

"எங்க?"

காட்டப் போனேன், எனக்கே தெரியவில்லை. அத்தை தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, உற்றுப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கப்பன் கைடி இது," என்றாள். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட தாத்தா. பண்ணையார் களத்தில் நெல்லுக்குக் குறி போட்டவர் அவர்தானாம். "அவரு கோடு போட்ட அம்பாரத்துலேருந்து ஒரு பிடி நெல்லு யாரும் எடுத்ததில்ல. நாங்க உள்பட. எங்க வீட்டு அடுப்பு எரியாத நாள்லகூட."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரையே ஒரு சாம்பல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்த தாத்தா. அவருடைய கை எனக்கு வந்திருக்கிறது. அடுப்பு எரியாத நாளையும் அந்தப் பெருமையிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் அத்தை ஒரு காரியம் செய்தாள். கோட்டுக்கு உள்ளே கையை விட்டு, நெல்லை இரண்டு கையாலும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். கோடு சரிந்து போயிற்று. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நம்ம நெல்லுதானே அத்தை? அப்பாகிட்ட கேட்டா குடுப்பாரே," என்றேன்.

"அன்னிக்கு எடுக்காத பிடிடி இது," என்று அத்தை சாம்பல் கிண்ணத்தை நீட்டினாள். "மறுபடி போடு, பாப்போம்."

சொந்த நெல்லை யாராவது திருடுவார்களா என்று யோசித்துக்கொண்டே, ஒட்டுப் போட்டது தெரியாமல் கோட்டை முடித்தேன்.