மூச்சுப் பயிற்சி பலித்த நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையாக ஆறு வீடு; பின்னால் ஓர் ஓடை. அடைமழையில் அதன் இரைச்சல் திடீரென்று அடங்கினால், மேலே மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து இரண்டும் சேர்ந்து கீழே வரும். அதனால் மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்காரர்களும் முறைவைத்து ஓடையைக் கேட்டுக்கொண்டிருப்போம். சத்தம் நின்றால் தட்டைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த வேலைக்கு என்னைப் போல ஒருத்தி ஆகவே ஆகாது. மழை வலுத்தாலே நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப்போகும், ஓடை இரைந்துகொண்டிருக்கும்போதே தட்டிவிடுவேன். மூன்று தடவை எல்லோரையும் மழையில் ஓடவைத்தேன். லயமே சிரித்தது. கோடி வீட்டு அக்கா மட்டும் சிரிக்காமல், என்னைச் சித்திரபுரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அங்கிருந்த மலையாள நர்ஸ் என் போனில் ஒரு குரலை ஏற்றித் தந்தார். "ஹெட்செட் வச்சு கண்ணை மூடிக்கோங்க சேச்சி. நாலு எண்ணி மூச்சு இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. வேற ஒண்ணும் கேக்க வேண்டா."

ஒரு மாதம் செய்தேன். துளி பிரயோசனமில்லை.

ஆடி மாதத்து மத்தியானம் அது. மழைக்காக வேலைக்கு லீவு விட்டிருந்தார்கள். என் முறை. அக்காவுக்குக் காய்ச்சல்; அவள் புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தார். "நீதான் இருக்கியே புள்ள, நான் கொஞ்சம் கண்ணசருதேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மழை வலுத்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலாவது தடவையும் வீணாகத் தட்டிக் காய்ச்சல்காரியை நனையவைக்க வேண்டாமே என்று ஹெட்செட்டை மாட்டினேன். ஐந்து நிமிஷம்தான் என்று நினைத்தேன். குரல் எண்ணியது. நெஞ்சு மெல்ல அடங்கியது. அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததேயில்லை.

தரை அதிர்ந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். மண் என் வீட்டுச் சுவரோடு நின்றிருந்தது. அக்காவின் வீடு இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் வேரோடு கிடந்தன. அவளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

எங்களைத் தங்கவைத்த நிவாரண முகாமுக்கு அதே நர்ஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இழுங்க சேச்சி" என்றார். இழுத்தேன். பயமே இல்லை. இனி எதற்குப் பயப்பட?

அக்காவின் புருஷன் ஒரே ஒரு தடவை கேட்டார்: "ஓடை நின்னது ஒனக்குக் கேக்கலையாம்மா?"

மழையில் ஒன்றும் கேட்கவில்லை அண்ணே என்றேன். பாவம், தலையாட்டிக்கொண்டு போனார். அந்தப் பயிற்சி எனக்குப் பலித்தது அன்று ஒரு நாள்தான் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.